உங்கள் விலாசத்தை யார் யார் படிக்கிறார்கள்? தபால் துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கை வேலை கிடைத்துச் சென்னைக்குக் குடிபோன புதிதில், அவளுடைய பட்டச் சான்றிதழ் ஸ்பீடு போஸ்ட்டில் புறப்பட்டு, 'விலாசம் போதாது' என்ற குறிப்போடு அனுப்பிய இடத்துக்கே திரும்பிப் போனது. தெரு, பேட்டை, சென்னை, பின்கோடு எல்லாம் எழுதியிருந்ததாக அவள் சொன்னாள். உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எட்டுக் குடித்தனங்கள் இருக்கும் கட்டிடத்தில் எந்த மாடி, எந்த வீடு என்று எழுதவில்லை. பின்கோடும் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்துடையதுதான், ஆனால் அந்தத் தெருவுக்குத் தபால் பட்டுவாடா செய்வது வேறொரு நிலையம்.

இதுபோல எத்தனையோ பேருக்கு நடக்கிறது. ஆன்லைனில் பொருள் வாங்கியே பழகியவர்களுக்கு, கூரியர் பையன் போன் செய்து "எங்கே இருக்கீங்க?" என்று கேட்பான் என்ற நினைப்பு இருக்கிறது. தபால் அப்படிப் போவதில்லை. உறையின் மேல் நீங்கள் எழுதியதுதான் அதற்கு வழி. அந்த விலாசத்தின் ஒவ்வொரு வரியையும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு ஆள் படிக்கிறார். யார் எந்த வரியைப் படிக்கிறார் என்று தெரிந்துகொண்டால் தபால் துறையின் அமைப்பு முழுவதும் விளங்கிவிடும். சிக்கல் வந்தால் எங்கே போய்க் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில்: உங்கள் தபால் நிலையம் எது?

இந்தியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் உள்ளன. பத்தில் ஒன்பது கிராமங்களில். இவை மூன்று வகை. ஊரிலேயே பெரியது ஹெட் போஸ்ட் ஆபீஸ், அதாவது தலைமை அஞ்சலகம். அதற்குக் கீழே துணை அஞ்சலகங்கள். அவற்றுக்குக் கீழே கிராமத்துக் கிளை அஞ்சலகங்கள். பணக் கணக்கும் இதே வரிசையில் மேலே போகிறது: கிளையின் கணக்கு துணையில் சேரும், துணையின் கணக்கு தலைமையில் சேரும்.

மேலே நிர்வாகம் தனி. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழ் அஞ்சல் துறை, அதன் கீழ் நாடு முழுவதும் 23 அஞ்சல் வட்டங்கள். தமிழ்நாடு ஒரு வட்டம். அதன் தலைமை முதன்மை அஞ்சல் துறைத் தலைவர். வட்டத்துக்குள் சென்னை நகரம், திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மண்டலம், கோவையின் மேற்கு மண்டலம், மதுரையின் தெற்கு மண்டலம். மண்டலத்துக்குள் கோட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்பாளர். கோட்டத்துக்குள் உட்கோட்டங்கள். இதில் சாதாரண மனிதருக்கு நினைவிருக்க வேண்டிய பெயர் ஒன்றுதான்: உங்கள் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகம். புகார் எழுத வேண்டி வந்தால் அங்கேதான் எழுத வேண்டும்.

புது ஊருக்குக் குடிபோனால் முதல் வாரத்திலேயே ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு தபாலைப் பார்த்து, எந்தப் பின்கோட்டில் வருகிறது என்று கேளுங்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் தபால் நிலையத்தையே நம் நிலையம் என்று எண்ணிவிடக் கூடாது. நகரங்களில் பல துணை அஞ்சலகங்கள் கவுன்ட்டர் வேலை மட்டும் செய்கின்றன, தபால்காரர்களை வைத்துக்கொள்வதில்லை. சில நகரங்களில் இப்போது பல நிலையங்களின் பட்டுவாடாவை ஒரே மையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால் தபால்காரரையே கேட்பதுதான் நல்லது. அவர் எந்த நிலையத்திலிருந்து வருகிறார், எத்தனை மணிக்கு உங்கள் தெருவுக்கு வருவார் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயரையும் போன் நம்பரையும் அவரிடம் சொல்லி வையுங்கள். இந்த ஐந்து நிமிடப் பேச்சு ஒரு வருடத்துக்கு உதவும்.

பின்கோடு என்ன சொல்கிறது

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்பவர்தான் இதை உருவாக்கியவர். ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள், பல மொழிகள், பல எழுத்துகள். வங்காளத்தில் தபாலைப் பிரிக்கும் ஒருவருக்குத் தமிழில் எழுதிய ஊர்ப்பெயர் எப்படிப் புரியும்? எண் எல்லோருக்கும் புரியும்.

629702 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய தென்பகுதி. 62 என்றால் திருச்சி தொடங்கி மதுரை, திருநெல்வேலி வரை கீழே இறங்கும் பட்டை. 629 என்றால் நாகர்கோவில் பக்கம். கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் குறிப்பிட்ட நிலையம், இங்கே கன்னியாகுமரி. டெல்லியில் பிரிப்பவர் முதல் இலக்கத்தையும் இரண்டாவதையும் பார்த்தாலே போதும். மதுரையில் பிரிப்பவருக்கு மூன்றாவது இலக்கம் வேண்டும். கடைசி மூன்று நாகர்கோவிலில்தான் தேவை.

சென்னைக்காரர்கள் இன்றும் 'சென்னை - 4', 'சென்னை - 17' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். 600004 மயிலாப்பூர், 600017 தியாகராய நகர். உள்ளூருக்குள் இது நன்றாகவே புரியும். வெளி மாநிலத்திலிருந்து வரும் கடிதத்துக்கு முழு ஆறு இலக்கமும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்கோடு அரசியல் வரைபடத்தைப் பின்பற்றுவதில்லை, தபால் போகும் பாதையைப் பின்பற்றுகிறது. காரைக்கால் 609-இல் வருகிறது. அதே புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாகேயின் எண் 673310, கேரளத்து வரிசை. ஏனாமின் எண் 533464, ஆந்திர வரிசை. லட்சத்தீவுக்கு 682, ஏனென்றால் கொச்சி வழியாகத்தான் தபால் போகிறது. ஆகவே மாவட்டத்தை வைத்துப் பின்கோட்டை ஊகிக்காதீர்கள்.

9-இல் தொடங்கும் எண்கள் ராணுவத்துக்கு உரியவை. எங்கள் ஊரைப் போலவே, பட்டாளத்தில் பிள்ளைகள் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய. அவர்களுக்கு எழுதும்போது ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அதன் பிறகு 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்) என்று எழுத வேண்டும். அவர் இருக்கும் ஊரையோ மலையையோ உறையில் எழுதவே கூடாது. படைப்பிரிவு எங்கே நகர்ந்தாலும் ராணுவ அஞ்சல் சேவை தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.

விலாசத்தை எழுதும் முறை

நாம் விலாசத்தை மேலிருந்து கீழே எழுதுகிறோம். தபால் துறை அதைக் கீழிருந்து மேலே படிக்கிறது. பின்கோட்டைப் படிப்பவர் முதல் ஆள். மாவட்டத்தையும் ஊரையும் படிப்பவர் அடுத்தவர். தெருவைப் படிப்பவர் பட்டுவாடா நிலையத்தில் தபாலை 'பீட்' வாரியாக, அதாவது ஒவ்வொரு தபால்காரரும் சுற்றும் பகுதி வாரியாக, பிரிப்பவர். கதவு எண்ணையும் பெயரையும் படிப்பவர் வெயிலில் சைக்கிளோடு நிற்கும் தபால்காரர். அவரை மனதில் வைத்து மேல் வரிகளை எழுதுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் பெயரை 'மேற்பார்வை' என்று சேர்த்து எழுதுங்கள். ஏனென்றால் தெருவில் அந்தப் பெயர்தான் தெரியும். எந்த மாடி என்பதை விடவே விடாதீர்கள். கைபேசி எண்ணையும் எழுதுங்கள்.

கிராமத்து விலாசத்தில் '(அஞ்சல்)', '(வழி)' என்று இரண்டு சொற்கள் வரும். நகரத்துப் பிள்ளைகள் பலர் இவை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. 'அஞ்சல்' என்பது அந்த ஊருக்குப் பட்டுவாடா செய்யும் கிளை அஞ்சலகம். 'வழி' என்பது அந்தக் கிளைக்குத் தபால் பை அனுப்பும் துணை அஞ்சலகம். பல கிளை அஞ்சலகங்களுக்குத் தனிப் பின்கோடு கிடையாது. நாட்டில் சுமார் 19,000 பின்கோடுகள்தான், தபால் நிலையங்களோ அதைப் போலப் பல மடங்கு. ஒரே பின்கோட்டில் பத்துக் கிளைகள்கூட இருக்கலாம். அப்போது 'அஞ்சல்' என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதம் எந்தக் கிளையின் பைக்குள் விழ வேண்டும் என்று சொல்கிறது. அதை விட்டால், துணை அஞ்சலகத்தில் உட்கார்ந்து ஒருவர் யோசிக்க வேண்டியிருக்கும்.

அனுப்புநர் விலாசமும் அதே அளவு முக்கியம். உறையின் இடப்பக்கக் கீழ் மூலையிலோ பின்புறமோ எழுதுங்கள். கொடுக்க முடியாத கடிதம் திரும்பி வர அது ஒன்றே வழி. அனுப்புநர் பெயர் இல்லாத கடிதங்களுக்கென்று 'திரும்பிய கடித அலுவலகம்' ஒன்று இருக்கிறது. உறையைத் திறந்து, உள்ளே ஏதாவது விலாசம் இருக்கிறதா என்று பார்க்க அங்குள்ளவர்களுக்குத்தான் அதிகாரம். உள்ளேயும் இல்லையென்றால் அந்தக் கடிதம் அங்கேயே முடிந்துபோகிறது. அப்படி எத்தனை அம்மாக்களின் கடிதங்கள் நின்றுபோயிருக்குமோ என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

2025-இல் 'டிஜிபின்' என்ற புதிய முறையும் வந்திருக்கிறது. நாட்டைச் சுமார் நான்கு மீட்டர்க்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. பின்கோட்டுக்கு அது மாற்று இல்லை. இப்போதைக்குப் பழைய விலாசத்தை ஒழுங்காக எழுதுங்கள்.

கவுன்ட்டரில் எதைக் கேட்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சாதாரணக் கடிதம் என்றால் 20 கிராம் வரை 5 ரூபாய் ஸ்டாம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னும் 5 ரூபாய். போஸ்ட் கார்டு இன்றும் 50 காசு, இன்லேண்டு லெட்டர் இரண்டரை ரூபாய். ஸ்டாம்பு குறைந்தால் கடிதம் போகாமல் இருக்காது. ஆனால் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் ஒன்றை எடை போட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஒட்டுங்கள். இந்த வகையில் ரசீது கிடையாது, எங்கே போகிறது என்று பார்க்கவும் முடியாது.

ரசீது வேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட். 1986 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிய சேவை இது. பல தலைமுறைகளாக நாம் நம்பியிருந்த பதிவுத் தபால் 2025-இல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே கவுன்ட்டரில் போய் "ரிஜிஸ்டர் போஸ்ட்" என்று கேட்டால் ஸ்பீடு போஸ்ட்டில்தான் போடுவார்கள். பெயருக்கு உரியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால், 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்பதைக் கூடுதல் வசதியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழ், நோட்டீஸ், பத்திர நகல் அனுப்புபவர்கள் இதை மறக்கக் கூடாது. சொல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

புத்தகம் அனுப்புகிறவர்களுக்கு 2025 மே 1 முதல் 'கியான் போஸ்ட்' இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் டிராக் செய்யலாம். சிறு பதிப்பாளர்களுக்கும், பாடப்புத்தகம் வாங்கும் மாணவர்களுக்கும் இது பெரிய உதவி. உள்ளே புத்தகம் மட்டுமே இருக்க வேண்டும். தனிக் கடிதம் ஒன்றைச் செருகி வைத்தால் சலுகை போய்விடும்.

பணத்தைக் கவரில் வைத்து அனுப்பாதீர்கள். நகை, விலை உயர்ந்த பொருள் என்றால் இன்ஷூர் செய்து அனுப்புங்கள். தொலைந்துபோனால் சாதாரணமாகக் கிடைக்கும் இழப்பீடு சொற்பம்.

பைக்குள் போன கடிதம்

நீங்கள் பெட்டியில் போட்ட கடிதம், பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நேரத்தில் எடுக்கப்படுகிறது. கடைசி எடுப்பு நேரத்துக்குப் பிறகு போட்டால் அடுத்த நாள் கணக்கு. நிலையத்தில் ஸ்டாம்பின் மேல் தேதி முத்திரை குத்துகிறார்கள். ஸ்டாம்பு மறுபடி பயன்படாமல் இருக்கவும், எங்கே, என்று புறப்பட்டது என்பதற்குச் சாட்சியாகவும் அந்த முத்திரை. பிறகு தபால்களைப் பிரித்து, கட்டாகக் கட்டி, பையில் போட்டு மூடி, ஆர்.எம்.எஸ். என்னும் ரயில்வே அஞ்சல் சேவைக்கு அனுப்புகிறார்கள். ஒரு காலத்தில் ஓடும் ரயிலிலேயே இரவெல்லாம் நின்று தபால் பிரித்தார்கள், அந்தப் பெயர் அப்படி வந்தது. இன்று பெரும்பாலும் பிரிப்பு நகரத்து மையங்களில் நடக்கிறது. திருச்சி, மதுரை, கோவை போன்ற பெரிய ரயில் நிலையங்களில் ஆர்.எம்.எஸ். அலுவலகம் இருக்கும். சிலவற்றில் சாதாரணத் தபால் நிலையம் மூடிய பிறகும் ஸ்பீடு போஸ்ட் வாங்குவார்கள். அவசரத்துக்கு ஆகும், நேரத்தை ஒருமுறை விசாரித்து வையுங்கள்.

டிராக்கிங்கில் 'பை மூடப்பட்டது', 'பை அனுப்பப்பட்டது' என்ற பொருளில் ஆங்கில வரிகள் வரும். பிறகு ஒரு நாள், இரண்டு நாள் எதுவும் வராது. பலர் இதைப் பார்த்துப் பதறிவிடுகிறார்கள். பைக்குள் இருக்கும் வரை உங்கள் கடிதத்தைத் தனியாக யாரும் ஸ்கேன் செய்வதில்லை, பையைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். அடுத்த மையத்தில் பை திறந்தால்தான் உங்கள் எண் மறுபடி தெரியும். அந்த எண்ணில் முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ.என். ஆகப் பதின்மூன்று. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பு எண். முந்தைய எட்டு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது அது. ஒரு இலக்கம் மாற்றித் தட்டினாலும் கணினி ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

கிராமத்தில் கடைசி மைல்

கிளை அஞ்சலகத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். அதை நடத்துபவர் பி.பி.எம்., அதாவது கிளை அஞ்சல் அலுவலர். அவருக்குத் துணையாக ஒருவரோ இருவரோ இருப்பார்கள். இவர்கள் எல்லோரும் கிராம அஞ்சல் ஊழியர்கள். வேலை நேரம் என்று கணக்கில் இருப்பது நாலு அல்லது ஐந்து மணி நேரம். நிலையத்துக்கு இடம்கூட பி.பி.எம். தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அதனால்தான் பல ஊர்களில் தபால் நிலையம் ஒரு வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ இருக்கிறது. தினமும் துணை அஞ்சலகத்திலிருந்து பை வரும், தபாலும் பணமும் அதில். மாலையில் கணக்கோடு பை திரும்பும்.

முதியோர் பணம், சேமிப்புக் கணக்கு, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் எல்லாமே அவர்கள் கையால் நடக்கிறது. வழக்கமான மத்திய அரசு ஊழியருக்கு உள்ள சம்பளமும் ஓய்வூதியமும் இவர்களுக்கு இல்லை. நாட்டின் அஞ்சல் சேவையில் பெரும்பகுதி இவர்கள் தோளில் இருக்கும்போது இது நியாயம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிளை அஞ்சலகத்துக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் பட்டுவாடாவுக்குப் போயிருப்பார்கள். பெரிய தொகை எடுக்க வேண்டும் என்றால் முதல் நாளே சொல்லி வையுங்கள். கையிருப்புக்கு அங்கே வரம்பு உண்டு, பணம் மறுநாள் பையில்தான் வர வேண்டும்.

கடிதம் வரவில்லை என்றால்

வீடு பூட்டியிருந்தால் தபால்காரர் அறிவிப்புச் சீட்டு வைப்பார். பொதுவாக ஏழு நாள் நிலையத்தில் வைத்திருப்பார்கள். அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள்ளலாம். போக முடியாவிட்டால் ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். ஏழு நாள் கடந்தால் திரும்பிவிடும்.

திரும்பிய உறையில் எழுதியிருக்கும் குறிப்பைப் படியுங்கள். 'வீடு மாறிவிட்டார்', 'அப்படி ஒருவர் இல்லை', 'விலாசம் போதாது' ஒவ்வொன்றும் வெவ்வேறு தகவல். 'பெற மறுத்தார்' என்பதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். சரியான விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியது போய்ச் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்று 1897-ஆம் ஆண்டுப் பொது ஷரத்துகள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்ததையும் நீதிமன்றங்கள் அப்படித்தான் பார்த்து வந்திருக்கின்றன. வாங்கிப் படித்துப் பார்ப்பதே நல்லது.

புகார் செய்வதற்கு முன் ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டுவாடா நிலையத்தின் போஸ்ட் மாஸ்டரைப் பார்த்துப் பேசுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் 1800 266 6868 என்ற இலவச எண், அல்லது துறையின் இணையதளத்தில் புகார். அதற்கும் பதில் இல்லையென்றால் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் 'டாக் அதாலத்' என்ற குறைதீர்ப்புக் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். அனுப்பியவருக்கு இன்னொரு உரிமையும் உண்டு: பட்டுவாடா ஆகும் வரை கடிதம் அனுப்பியவருக்கே சொந்தம். தவறான விலாசத்துக்குப் போட்டுவிட்டால் உடனே எழுதிக் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம்.

வீடு மாறுகிறவர்கள் பழைய பட்டுவாடா நிலையத்தில் புது விலாசத்தை எழுதிக் கொடுங்கள், வரும் தபாலை அங்கே திருப்பி விடுவார்கள். ஊருக்குப் புதிது, இன்னும் வீடே கிடைக்கவில்லை, மேன்ஷனில் தங்கியிருக்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. உறையில் விலாசமாக எழுத வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் பெயர், கீழே 'போஸ்ட் ரெஸ்டான்டே' (நிலையத்திலேயே வைத்திருந்து நேரில் கொடுக்கும் தபால்), அதற்குக் கீழே தலைமை அஞ்சலகத்தின் பெயரும் பின்கோடும். மதுரை என்றால் 625001. இரண்டு வாரம் வரை வைத்திருப்பார்கள். அடையாள அட்டையோடு கவுன்ட்டரில் போய்க் கேட்டால் கொடுப்பார்கள். என் தங்கையின் சான்றிதழை இரண்டாம் முறை அப்படித்தான் வரவழைத்தோம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில், மதிய இடைவேளையில் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள்.